அஞ்சலட்டையில் மூன்றாவது கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஓவியர்கள் தங்களுக்காகவும் நண்பர்களோடு சேர்ந்தும் விளையாட்டாகச் செய்கிற படைப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறுவர் இதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் படம் போட்டு வருகிறவள் நான். கட்டுரை நன்றாக இருந்தது. ஒரு சொல் மட்டும் உறுத்தியது: 'பொழுதுபோக்கு'. பொழுது மீந்துபோய் யாரும் இதைச் செய்வதில்லை. தொழில் செத்துப்போகாமல் இருப்பதற்காகச் செய்கிறோம்.

கூலிக்குப் போடும் படத்தில் பாதி முன்பே முடிவாகியிருக்கும். விவசாயி என்றால் தலைப்பாகை, பாட்டி என்றால் கொண்டையும் மூக்குக் கண்ணாடியும். ஒருமுறை பாடநூல் ஒன்றுக்குச் சைக்கிள் ஓட்டுகிற பாட்டியை வரைந்து அனுப்பினேன். பிள்ளைகளுக்குப் புரியாது என்று திரும்பி வந்தது. மாற்றிக் கொடுத்தேன். இப்படியே பத்து வருஷம் போட்டால் கை மரத்துவிடும். யோசிக்காமலே அதே மரம் வரும், அதே மாடு வரும். எனக்கும் வந்தது. நடுவில் ஒரு வருஷம் பென்சிலைத் தொடவே மனம் கூசியது.

அதிலிருந்து என்னை மீட்டது ஐம்பது பைசா அஞ்சலட்டை.

என் அண்ணன் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். போகும்போது ஒரு விளையாட்டுப் பேசிக்கொண்டோம். நான் ஒரு அட்டையில் வரைந்து, கோடுகள் வலது ஓரத்தைத் தொட்டு நிற்கும்படி விட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கோடுகள் நின்ற இடத்திலிருந்து அவள் தன் அட்டையில் தொடர வேண்டும். அதன் ஓரத்திலிருந்து மறுபடி நான். என் அட்டைகள் எல்லாம் அவளிடம், அவள் அட்டைகள் எல்லாம் என்னிடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் படம் முழுசாகாது. போன பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தபோது வளவுத் தாழ்வாரத்தில் அறுபத்து நான்கு அட்டைகளையும் வரிசையாகப் பரப்பினோம். ஒன்று 14 சென்டிமீட்டர் அகலம். கிட்டத்தட்ட ஒன்பது மீட்டருக்கு ஓடியது. என் யானையின் தும்பிக்கை அவள் அட்டையில் பேருந்துக்கு வரிசையில் நிற்கிற ஜனக்கூட்டமாகியிருந்தது. எண்பது வயது அப்பத்தா குனிந்து குனிந்து கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்த அட்டைகளில் மூன்றாவதாக ஒரு கையும் உண்டு. முதல் மாதமே ஒரு அட்டையில் அஞ்சலக முத்திரை தவறிப் படத்தின் மேல் விழுந்துவிட்டது, ஆட்டின் தாடைக்குக் கீழே, கறுப்பு வட்டமாக. எனக்குத் தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். அவளோ இரண்டு கோடு இழுத்து அதை ஆட்டின் கழுத்து மணியாக்கியிருந்தாள். அதிலிருந்து, முத்திரை விழுகிற இடத்தைப் படத்தில் சேர்த்துக்கொள்வது எங்கள் விதியானது. எங்கள் ஊர் அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். மறுவாரம் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இன்னைக்கு எங்க குத்தட்டும்?" என்றாள். "ஒனக்கு எங்க தோணுதோ அங்க குத்துத்தா" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்து, வெறுமையாக விட்டிருந்த வானத்தின் மூலையில் குத்தினாள். அன்றைக்கு என் படத்துக்கு நிலா வந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்குத் தோன்றாத இடம் அது.

இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 1925-இல் பாரிஸில் இவ் தாங்கி, ஆந்த்ரே பிரெத்தோன் முதலிய மீயதார்த்த (சர்ரியலிச) கலைஞர்கள் ஒரு தாளை மடித்து, ஒருவர் வரைந்ததை அடுத்தவர் பார்க்காமல் தொடர்ந்து வரைந்து விளையாடினார்கள். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009-இல் தன் மைக்கோட்டைத் திருத்திக்கொள்வதற்காக அக்டோபரில் தினம் ஒரு படம் என்று தொடங்கியது, இன்று உலகம் முழுக்க ஓவியர்கள் செய்கிற பயிற்சியாகிவிட்டது. ஆனால் அவ்வளவு தூரம் போவானேன்? சின்ன வயதில் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு நடுவீட்டுக் கோலம் போடும்போது அப்பத்தா ஒரு மூலையிலிருந்தும் சின்ன அப்பத்தா எதிர்மூலையிலிருந்தும் மாவுத் துணியைப் பிழிந்துகொண்டே வருவார்கள். நடுவில் கோடுகள் சந்திக்கிற இடம் எப்படி வரும் என்று இருவருக்குமே முன்பே தெரியாது. வந்ததைப் பார்த்து அங்கேயே சரிசெய்துகொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரைக்குப் பதிக்கிற பூப்போட்ட கல், போடுகிற ஒருவரிடம் போய், "அச்சு இல்லாம ஊத்த முடியுமாண்ணே?" என்று கேட்டேன். "நெளிவு வருமே ஆச்சி" என்றார். "நெளிவுதான் வேணும்" என்றேன். ஆத்தங்குடிக் கல்லைக் குப்புறத்தான் செய்கிறார்கள். கண்ணாடித் துண்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன் மேல் உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்து அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் கல்லின் முகம். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. தனியாக மெருகு போடுவதில்லை. அதனால் நான் காகிதத்தில் போட்டுக்கொண்டு போன காக்கையை அங்கே தலைகீழாக யோசிக்க வேண்டியிருந்தது. முதலில் கண்ணை ஊற்ற வேண்டும், பிறகுதான் அதைச் சுற்றி உடம்பு. இடது பக்கம் பார்க்கிற காக்கை கல்லில் வலது பக்கம் பார்க்கும். நான் கண்ணை ஊற்றினேன், மற்றதை அவர் ஊற்றினார். வாலுக்கு வந்ததும் அவர் கை தானாகக் கொடிபோல் ஒரு சுழி சுழித்துவிட்டது. எத்தனை வருஷமாகப் பூங்கொடி ஊற்றிய கை! கல்லைக் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுத்தபோதுதான் அந்த வாலின் அழகு தெரிந்தது. அடுத்து ஒரு சிறுவர் கதைக்குக் காக்கை வரைய வேண்டி வந்தது. அதே வாலை வைத்தேன். ஒரு கோடுகூடத் திருத்தச் சொல்லவில்லை.

இதைத்தான் கட்டுரையோடு சேர்த்துச் சொல்ல விரும்பினேன். நீங்கள் கூலி கொடுத்து வாங்குகிற நல்ல கோடுகள் இந்தக் கூலியில்லாத இடங்களில்தான் விளைகின்றன. ஓவியர் ஆதிமூலம் 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களை இன்றும் எங்கள் தலைமுறை எடுத்து வைத்துப் பார்த்துப் பழகுகிறது. ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தும் எந்தக் கோடும் பழசாகவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கதை, தலைப்பு, குறிப்பு எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு ஓவியரையும், அவர் விரும்புகிற வேறு ஒருவரையும் சேர்த்து அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்த இன்னொருவர் ஓவியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓலைக் கொட்டான் முடைகிறவர், கண்டாங்கிச் சேலை நெய்கிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, யாராகவும் இருக்கட்டும். இருவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

இத்துடன் மூன்று அட்டைகளின் நகல் வைத்திருக்கிறேன். வெளியிடுவதானால், நிலா உள்ள அட்டைக்கு மூன்று பெயர் வர வேண்டும். அஞ்சலகப் பெண்ணிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி,
கானாடுகாத்தான்