புராணக் கதையில் ஆங்கிலம்: பட்டியல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதிகாச, புராணக் கதைகளைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுக்கலாம் என்று சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். யோசனை பிடித்திருக்கிறது. கூடவே மாதிரிக்கென்று கொடுத்திருந்த பாடம்தான் பிடிக்கவில்லை. பத்து வரிக் கதை. அதற்குக் கீழே நாற்பது சொற்களும் பொருளும். பழைய மனப்பாடத்தின் தலையில் ஒரு மயிற்பீலியைச் செருகியதுபோல இருக்கிறது.

தெரிந்த கதையை ஆங்கிலத்தில் படிப்பதன் லாபமே ஊகிப்பதில் இருக்கிறது. கைகேயி வரம் கேட்டாள், ராமன் 14 ஆண்டு காட்டில் இருக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும். அந்த இடத்தில் 'எக்ஸைல்' என்ற சொல் வந்தால் அகராதி எதற்கு? 'பூன்' என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தசரதன் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டது எதுவோ அதுதான். ஒரு பக்கத்தைப் பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்ற மொழிக்கல்வி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று புதிதாக இருக்கலாம். கதை தெரிந்திருந்தால் இந்த வரம்பு சற்றுத் தளர்கிறது என்பதை வகுப்பில் கண்டிருக்கிறேன். அதற்காகப் பத்து வரியில் நாற்பது புதுச்சொற்களை அடைத்தால், கடலைத் தாண்டிய அனுமனாலும் அந்தப் பத்தியைத் தாண்ட முடியாது.

இன்னொன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதைகள் தெரியும் என்று கட்டுரையாளர் எடுத்துக்கொண்டுவிட்டார். வேறு சமயத்துக் குழந்தைகளை விடுங்கள். வீட்டில் தினமும் விளக்கேற்றுகிறவர்களின் பிள்ளைகளிலேயே நளன் யார், நசிகேதன் யார் என்று தெரியாதவர்கள் உண்டு. கதை தெரியாத பிள்ளைக்கு இந்த முறையில் ஒரு சலுகையும் கிடையாது. ஆகவே முதல் நாள் கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள், வாய்விட்டு, நடித்துக்காட்டி. ஆங்கிலம் மறுநாள் வரட்டும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுவதைக் குற்றமாக நினைப்பவர்கள் இதற்குச் சம்மதிக்கமாட்டார்கள். அவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

எந்தக் கதை என்பதிலும் எனக்கு வேறு கருத்து உண்டு. கட்டுரையில் இருந்தவை எல்லாம் போர்க்களம். தேருக்கும் கவசத்துக்கும் அம்பறாத்தூணிக்கும் ஆங்கிலத்தில் என்ன என்று தெரிந்துகொண்டு ஒரு பிள்ளை எங்கே போய்ப் பேசப்போகிறது? ஆட்கள் எதிரெதிரே நின்று பேசும் இடங்களை எடுங்கள். கண்ணன் தூது போகும் கட்டத்தைப் பாருங்கள்: கேட்கிறான், குறைத்துக் கேட்கிறான், எச்சரிக்கிறான், துரியோதனன் ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்கிறான். 'டிமாண்ட்', 'ஆஃபர்', 'ரெஃப்யூஸ்', 'காம்ப்ரமைஸ்', 'வார்ன்' எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்; நாளை அலுவலகத்தில் தேவைப்படுபவையும் இவைதான். விராட பருவத்தில் ஐவரும் வேடம் மாறி வேலைக்குச் சேருகிறார்கள். சமையல், நாட்டியம், குதிரைப் பராமரிப்பு, மாடு மேய்ப்பு என்று தொழிற்பெயர்களுக்குத் தனியாகப் பாடமே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மகாபாரதத்தில் யட்சன் தருமனிடம் கேட்கும் கேள்விகள். பூமியைவிடக் கனமானது எது? தாய். வானத்தைவிட உயர்ந்தது? தந்தை. காற்றைவிட வேகமானது? மனம். புல்லைவிட எண்ணிக்கையில் மிகுந்தது? கவலை. 'ஹெவியர் தேன்', 'ஃபாஸ்டர் தேன்' என்று இலக்கணப் புத்தகம் பல பக்கங்களில் திணறுவதைப் பொய்கைக் கரையில் யட்சன் நாலு கேள்வியில் முடித்துவிடுகிறான். பிள்ளைகளையே யட்சனாக்கிப் புதுக்கேள்விகள் கேட்கவிட்டால் மணி அடித்தாலும் எழுந்திருக்கமாட்டார்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கிசாரி மோகன் கங்குலியின் மகாபாரதத்தையும் (1883–1896) கிரிஃபித்தின் ராமாயணத்தையும் (1870–1874) இறக்கிக்கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இரண்டும் பெரும்பணிகள், மறுப்பதற்கில்லை. ஆனால் 'தௌ', 'ஹாத்' என்று நடக்கும் அந்த ஆங்கிலத்தை இப்போது யாரும் எழுதுவதில்லை. கிரிஃபித் செய்யுளில் வேறு எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு, 1951-இல் பாரதிய வித்யா பவன் வெளியிட்ட ராஜாஜியின் ஆங்கில மகாபாரதம் பொருந்தும். சிறு சிறு வாக்கியங்கள், சிறு சிறு அத்தியாயங்கள். அதைவிடச் சின்னவர்களுக்கு, 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதைப் புத்தகங்களில் பாதி ஊகத்தைப் படமே செய்துகொடுத்துவிடும்.

நமக்குத் தெரிந்த கதையும் ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கும் கதையும் சில இடங்களில் ஒத்துப்போகாது. கம்பனில் ராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். வால்மீகியில் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்த வரியில் தடுக்கி நின்று, 'இது தப்பாக இருக்கிறதே' என்று சொன்னால் ஆசிரியர் மகிழவேண்டும். வரியை உண்மையிலேயே படித்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இதைத் தொடராக வெளியிடப்போவதாகக் கட்டுரையின் முடிவில் அறிவித்திருக்கிறீர்கள். சொற்பட்டியலுக்கு ஒதுக்கும் இடத்தில் அதே காட்சியை இன்னும் எளிய ஆங்கிலத்தில் இரண்டாம் முறை எழுதி வெளியிடுங்கள். ஒரே சொல் இரண்டு இடத்தில் எதிர்ப்பட்டால் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்வார்கள். முதல் பகுதி யட்சனாக இருந்தால் மிக்க மகிழ்ச்சி.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்