கடன் கொடுத்தவர்களுக்கும், கடனை மறுத்த அக்காவுக்கும்

எங்கள் குழு அக்கா தங்கச்சிகள் எல்லோருக்கும் வணக்கம்.

குழு மூலம் வாங்கிய கடனுக்குப் போன வாரம் கடைசித் தவணையைக் கட்டிவிட்டேன். நன்றியை நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

1989இல் தமிழ்நாட்டிலேயே முதலில் மகளிர் குழு தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். நம் தெருவுக்கு அது வந்து சேர 1998 ஆனது. பதினாறு பேர், ஆளுக்கு மாதம் 20 ரூபாய் சேமிப்பு. "இருபது ரூபாயில் என்ன கிழிக்கப் போகிறோம்?" என்று கேட்டவளும் நான்தான்.

அப்போது வெளியில் ஐந்து வட்டிக்கு 1,000 ரூபாய் வாங்கியிருந்தேன். மாதம் 50 ரூபாய் வட்டி. இரண்டு வருடத்தில் 1,200 ரூபாய் கொடுத்தும் அசல் அப்படியே நின்றது. குழுவில் இரண்டு வட்டிக்கு எடுத்து அதை அடைத்தேன். மாதம் 100 அசல், மீதிக்கு மட்டும் வட்டி. பத்தே மாதத்தில் முடிந்தது. மொத்த வட்டி 110 ரூபாய். அதுவும் நம் பெட்டிக்கே வந்தது!

அப்புறம் வங்கிக் கடனில் மாடு வாங்கினேன். படிக்காத எங்களை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசிய அந்த மேலாளர் இதைப் படித்தால், ஐயா, உங்களுக்கும் நன்றி. மடிநோய் வந்து மாடு பால் வற்றியபோது இரண்டு தவணையை நீங்கள் பதினைந்து பேரும் பகிர்ந்து கட்டினீர்கள். பாசம் மட்டும் காரணமில்லை. நான் கட்டாவிட்டால் குழுவுக்கே அடுத்த கடன் கிடைக்காது. இருந்தாலும் ஒருவர்கூட அதை இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை.

பெரிய நன்றி, குழுவை வழிநடத்தும் ஊக்குநர் அக்கா, உங்களுக்கு. மகள் கல்யாணத்தின்போது வாரத் தவணைக் கடன் தருகிறோம் என்று நிதி நிறுவனத்தார் வீடு தேடி வந்தார்கள். உங்களையும் என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போடச் சொன்னேன். "எதை விற்று வாரா வாரம் கட்டுவாய்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். இரண்டு மாதம் உங்களோடு பேசவில்லை நான். கல்யாணத்தை உள்ளூர்க் கோயிலிலேயே சுருக்கமாக முடித்தேன். அதே கடனை வாங்கிய பக்கத்துத் தெருக்காரர்கள் ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கி, ஆள் வந்தால் பின்கட்டு வழியாக ஒளிந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு முறுக்கு சுட்டுக் கொண்டு வருகிறேன். நேரத்துக்கே வந்துவிடுவேன், தாமத அபராதம் எழுதிவிடாதீர்கள்.