கற்பூரவள்ளியும் பேத்தியின் சளியும்

சுங்கை சிப்புட்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். பிள்ளையின் சளிக்குக் கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாது; கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். போட்டுலிசம் என்பார்கள். சாறும் இப்போது வேண்டாம், கிளினிக்கில் காட்டு. நம் அம்மாமார் கொடுத்தார்கள்தான், நாமும் வளர்ந்தோம்தான். அந்தக் கதையை மட்டும் மருமகளிடம் எடுத்துவிடாதே.

அதற்காக இலையை நான் குறை சொல்லவில்லை. என் சின்னவள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு இதைத்தான் எடுத்திருக்கிறாள். வாசல் தொட்டியில் இருந்ததை மொட்டையடித்துக் கொண்டுபோனாள். போன வாரம் படம் காட்டினாள். கிருமி வளர்க்க அகர் என்ற கூழ் ஊற்றிய வட்டத் தட்டு, அதன்மேல் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மெல்லிய ஏடாகப் படர்ந்திருக்கிறது. கொப்புளத்தில் சீழ் பிடிக்கவைக்கிற கிருமி அது. சாறு நனைத்த காகித வில்லையைச் சுற்றி மட்டும் ஏடே இல்லை, கண்ணாடி மாதிரித் தெளிவு. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் ஆல்கஹால் நனைத்த வில்லையும் பக்கத்தில் இருந்தது. அங்கே கிருமி வில்லை ஓரம்வரை வந்துவிட்டது. இலையின் எண்ணெயில் உள்ள கார்வக்ரால் என்ற பொருள் கிருமியின் மேல்சவ்வில் புகுந்து ஓட்டை போடுகிறதாம். சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் அவ்வளவாக மசிவதில்லை.

உடம்பின் செல்களைக் கெடுக்கும் பொருள்களை இலை அடக்குமா என்று பார்க்கும் ஆன்டிஆக்சிடன்ட் சோதனையும் செய்தாள். டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் சாற்றை விட்டால் மஞ்சளாகிறது. பார்க்க அழகுதான். குழாயில் நிறம் மாறியதை வைத்து உடம்புக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது என்கிறாள். அதோடு, சாதாரணச் சளி வைரஸால் வருவது. தட்டில் பாக்டீரியா செத்ததற்கும் உன் மூக்கடைப்புக்கும் சம்பந்தம் குறைவு.

ஒன்று கேள். கஷாயம் கொதிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அது அந்த எண்ணெய் ஆவியாகப் போவதுதான். நீரில் கரையும் ரோஸ்மரினிக் அமிலம் போன்றவை பாத்திரத்தில் தங்கும். அதனால் நான் இப்போது மூடிபோட்டு, கொதி வந்ததும் இறக்கிவிடுகிறேன். தொண்டைக்கு இதமாக இருக்கிறது. அதற்குமேல் நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

இங்கே பசார் மாலம் இரவுச் சந்தையில் ஒருவர் இதையே மாத்திரையாக்கி, இனிப்புநீர் (நீரிழிவு), புற்றுநோய் எல்லாம் தீரும் என்று மைக்கில் விற்கிறார். நம் மலேசியாவில் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி அப்படிச் சொல்லவே கூடாது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பதிவான பாரம்பரிய மருந்தென்றால் 'MAL' என்று தொடங்கி 'T' என்று முடியும் எண் இருக்கவேண்டும். இல்லை. நம்முடன் ரப்பர் பால் வெட்டிய மாரியாயி அக்கா அதை நம்பி இனிப்புநீர் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். நானும் அவர் மகனும் கத்தித்தான் தடுத்தோம்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருவாய்தானே? மாப்பிள்ளை காரில் இடமிருந்தால் உன் பெரிய இட்லிக் கொப்பரையைக் கொண்டுவா. அன்னதானத்துக்கு இங்கே இருப்பது போதாது.

அன்புடன்,
லெட்சுமி