குழந்தைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் குழந்தைகளுக்காகப் படம் எடுக்கிற இயக்குநர்கள், கதாசிரியர்கள், தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மே மாத லீவில், 'குட்டீஸ் கொண்டாடும் படம்' என்று போஸ்டரில் போட்டிருந்ததை நம்பி என் மகளைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஐந்து வயது. தியேட்டரில் பார்க்கும் முதல் படம் என்பதால் காலையிலேயே புது கவுனைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். படம் ஆரம்பித்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, வேனில் வந்து பிள்ளைகளைக் கடத்துகிறார்கள். ஒரு பையனின் வாயில் டேப் ஒட்டுவதை அவ்வளவு நெருக்கத்தில் காட்டுகிறார்கள். மகள் சீட்டிலிருந்து இறங்கி என் மடியில் ஏறி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தச் சின்னக் கை அந்தச் சத்தத்தை எப்படித் தடுக்கும்? இடைவேளைக்கு முன்பே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அப்புறம் பத்து நாள் ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் ஸ்கூல் வேனைப் பார்த்து என் காலைக் கட்டிக்கொண்டாள், ஏறவே மாட்டேன் என்று. முதல் வாரம் முழுக்க நடந்தே கொண்டுபோய் விட்டேன்.

இந்தக் கதை உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? கோபத்தை அடக்கிக்கொண்டுதான் கேட்கிறேன். பெரியவர்களுக்கு எழுதிய கதையில் ஹீரோவுக்குப் பதிலாக ஒரு சின்னப் பையனை நிறுத்தி, வில்லனை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு நாய்க்குட்டியைச் சேர்த்தால் அது குழந்தைப் படமாகிவிடும் என்று யார் சொன்னது?

அதே மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு முதல் பால் பல் விழுந்தது. என் அம்மா போனில், சாணியில் உருட்டிக் கூரை மேல் எறியச் சொல்லு, அப்போதுதான் நல்ல பல் முளைக்கும் என்று சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பது மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. எங்களுக்கு ஏது கூரை? பக்கத்து வீட்டு ஆயாவின் ஓட்டு வீடுதான் பால்கனிக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே எறியலாமா என்று கேட்டேன். அவள் பல்லை உள்ளங்கையில் மூடிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்தப் பல்லு ஆயாவுக்கு முளைச்சிடுமே அம்மா" என்றாள். ஆயாவுக்கு ஒரு பல்கூடக் கிடையாது. இரண்டு நாள் அந்தப் பல் தீப்பெட்டிக்குள் இருந்தது. மூன்றாம் நாள் அவளாகவே வந்து, "ஆயாவுக்கே முளைக்கட்டும், எனக்கு இன்னும் நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு எறிந்தாள்.

இதில் கடத்தல் இல்லை, வேன் இல்லை. ஆனால் ஐந்து வயதில் அதைவிடப் பெரிய கதை வேறு என்ன இருக்க முடியும்?

உலகத்தில் நல்ல குழந்தைப் படம் எடுத்தவர்கள் இப்படித்தான் கதையைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஈரானில் அப்பாஸ் கியாரோஸ்தமி 1970இல் எடுத்த முதல் குறும்படத்தில், ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பையனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கிறது. பத்துச் சொச்ச நிமிடம் அவ்வளவுதான் கதை. அந்த வயதில் நாய் நிற்கிற சந்தைத் தாண்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2015இல் வந்த 'இன்சைட் அவுட்' என்ற அனிமேஷன் படம் அதன் இயக்குநர் பீட் டாக்டருக்குத் தோன்றியது, கலகலப்பாக இருந்த அவர் மகள் பதினோரு வயதில் திடீரென்று அமைதியாகிப்போனதைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் அத்தனை கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை செய்தவரும் கதைக்கு மகள் முகத்தைத்தான் பார்த்தார்.

நம்மிடம் 'பசங்க' வந்தது, 'காக்கா முட்டை' வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. ஐந்து வயதுக்கு? 2024இல் சென்சார் விதியை மாற்றி, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தார்களே, அந்த ஏழுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளை நினைத்து ஒரு கதையாவது எழுதியிருக்கிறீர்களா? பிள்ளைகளுக்கென்றே படம் எடுக்க மத்திய அரசு 1955இல் தொடங்கிய குழந்தைகள் திரைப்படச் சங்கத்தையும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். இனி யாரிடம்தான் போய்க் கேட்பது? எங்கள் பிள்ளைகள் டப்பிங் கார்ட்டூனில் வருகிற தமிழைத்தான் பேசிக்கொண்டு திரிகிறார்கள். டிவியைப் போட்டால் ஆறு வயதுப் பிள்ளை காதல் வசனம் பேசுகிறது, அதற்குப் பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

சரி, எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த குழந்தைப் படத்துக்குப் பேனாவை எடுக்கும் முன், ஒரு வாரம் ஏதாவது ஓர் அங்கன்வாடியில் அனுமதி வாங்கிப் போய்த் தரையில் உட்காருங்கள். அவர்கள் எதற்கு அழுகிறார்கள், எதை ஒளித்து வைக்கிறார்கள், எறும்பு வரிசைக்கு முன்னால் எவ்வளவு நேரம் குந்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எழுதி முடித்த பிறகும் அங்கேயே போய் வாயால் கதையைச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் எழுந்து ஓடுகிறார்களோ அந்த இடத்தை வெட்டிவிடுங்கள். எந்த இடத்தில் காதைப் பொத்துகிறார்களோ அதையும்.

தயவுசெய்து அந்த ஒரு வாரத்தை ஒதுக்குங்கள். மகளை மறுபடியும் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
ஐந்து வயதுப் பிள்ளையின் அம்மா