என் அழைப்பை எடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறேன். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு வேலை தேடித் தருவதுதான் கலிபோர்னியாவில் இத்தனை வருடங்களாக என் வேலை. ஒரு பக்கம் வேலை கேட்டு வந்தவர்கள், இன்னொரு பக்கம் ஆள் தேடிய முதலாளிகள், நடுவில் ஒரு தொலைபேசியோடு நான். அந்த அழைப்பை எடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் கிளம்ப மனசு வரவில்லை.

முதல் நன்றி ஒரு கிடங்கு மேலாளருக்கு. அப்போதெல்லாம் வேலை விண்ணப்பத்திலேயே, "குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா?" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் பெரும்பாலும் விண்ணப்பம் குப்பைக்குத்தான் போகும். அதனால் நான் அனுப்பிய ஒருவரிடம், "அதைக் காலியாக விட்டுவிடுங்கள், முதலில் உங்களை நேரில் பார்க்கட்டும்" என்றேன். வேலை கிடைத்தது. மூன்றாவது வாரம் பின்னணிச் சரிபார்ப்பு முடிவு வந்தது, வேலை போனது. அவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "வேலை போனதுகூடப் பரவாயில்லை. பொய் சொன்னவன் என்று பேர் ஆகிவிட்டதே" என்றார். அந்தப் பேரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது நான்.

மேலாளரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அடுத்த முறை முதலிலேயே சொல்லுங்கள். முடிவை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். ஒரு மாதம் கழித்து வேறொருவருக்காக அதே எண்ணுக்கு அழைத்தபோது என் கை நடுங்கியது. எடுத்தார். என்ன குற்றம், எத்தனை வருடம் முன்பு, அதன் பிறகு இவர் என்ன செய்தார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். "நாளைக்கு வரச் சொல்லுங்கள்" என்றார். அன்றைக்கு நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தால் நான் இந்த வேலையையே விட்டிருப்பேன், ஐயா. அந்த முதல் மனிதரும் என்னை மன்னித்தார். அப்புறம் வேறோர் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனார். அவருக்கும் என் நன்றி.

அந்தக் கட்டத்தை எடுக்க வைத்தவர்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. ஹவாய் மாநிலம் 1998-லேயே இதற்குச் சட்டம் போட்டது. ஆனால் 'பேன் தி பாக்ஸ்' (கட்டத்தைத் தடை செய்) என்று பேர் வைத்து நாடு முழுக்கக் கொண்டுபோனவர்கள், சிறையிலிருந்து வந்தவர்களே நடத்தும் 'ஆல் ஆஃப் அஸ் ஆர் நன்' அமைப்பினர். கலிபோர்னியாவின் நியாய வாய்ப்புச் சட்டம் 2018 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், சில விலக்குகள் தவிர, வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் பழைய குற்றத்தைப் பற்றிக் கேட்கலாம். அதைக் காரணம் காட்டி மறுக்க நினைத்தால் எழுத்தில் தெரிவித்து, பதில் சொல்லக் குறைந்தது ஐந்து வேலை நாள் தர வேண்டும்.

அந்த ஐந்து நாளில்தான் உங்களில் பலரை நான் தொந்தரவு செய்தேன். ராத்திரி பத்து மணிக்கு அழைத்தபோதும் மறுநாள் காலைக்குள் கடிதம் எழுதித் தந்த வெல்டிங் பயிற்சி ஆசிரியை, காசு வாங்காமல் பதில் தயாரித்துக் கொடுத்த வழக்கறிஞர்கள், ஷிப்டுக்கு ஏற்றபடி சந்திப்பு நேரத்தை மாற்றித் தந்த பரோல் அதிகாரிகள் என்று பட்டியல் நீளும். மறுப்பு வேலையாக மாறியதைச் சில முறை கண்ணால் பார்த்தேன். எல்லா முறையும் இல்லை. ஆனாலும் ஆளைப் பார்த்த பிறகு மறுப்பதற்கும் பார்க்காமலே மறுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சமூகவியலாளர் டெவா பேஜர் இன்று இல்லை. இருந்தாலும் அவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். மில்வாக்கி நகரில் தகுதியில் சமமான இளைஞர்களை வேலை கேட்க அனுப்பி அவர் செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. குற்றப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு நூற்றுக்கு 34 இடங்களிலிருந்து அழைப்பு வந்தது, பதிவு இருந்தவருக்கு 17. கறுப்பினத்தவருக்கோ பதிவு இல்லாமலே 14, இருந்தால் 5. "தகுதி இருந்தால் வேலை கிடைத்துவிடுமே" என்று சொன்ன ஒவ்வொரு முதலாளியிடமும் இந்த நான்கு எண்களைத்தான் சொன்னேன். பலர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அனுப்புங்கள்" என்றார்கள்.

பயந்த முதலாளிகளுக்கு பெடரல் பாண்ட், அதாவது மத்திய அரசுத் திட்டத்தின் உத்தரவாதப் பத்திரம், கைகொடுத்தது. 1966 முதல் இருக்கும் திட்டம் அது. புதிதாகச் சேர்ந்தவரால் திருட்டு, மோசடி என்று நஷ்டம் வந்தால் ஈடு கிடைக்கும். முதல் ஆறு மாதத்துக்கு யாருக்கும் செலவில்லை. பாண்ட் இல்லாமலே நம்பிய முதலாளிகளையும் நான் மறக்கவில்லை.

வேலை கேட்டு வந்தவர்களே, வாழ்க்கையில் சொல்லவே கூசுகிற ஒன்றை, முன்பின் தெரியாத என்னிடம் முதல் நாளே சொன்னீர்கள். அதை நான் யாரிடம், எப்படிச் சொல்வேன் என்று என்னை நம்பினீர்கள். ஒருவர் முதல் சம்பளச் சீட்டை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து என் மேசையில் வேறொருவர் உட்காருவார். அவரும் சிறையிலிருந்து வந்தவர்தான், என்னைவிட நன்றாகப் பேசுவார். தொலைபேசி எண் அதேதான். அழைப்பு வந்தால் எடுங்கள்.