ஆண்டறிக்கை: சத்திரங்களோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் குடும்பத்தோடு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவும் கோலப்போட்டியும் நல்லபடியாக நடந்தன. ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் தவறாமல் வருகிறார்கள். நூலக அலமாரிகளுக்குக் கறையான் மருந்து அடித்தாகிவிட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்களுக்குச் சத்திரங்களின் வரலாற்றையே பொருளாக வைத்துக்கொண்டோம். பெங்களூரில் 1809இல் கண்டோன்மெண்ட் என்ற ஆங்கிலேயப் படைக் குடியிருப்பு அமைந்தபின் பிழைப்புத் தேடித் தமிழர்கள் நிறையப் பேர் இங்கே வந்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தது 1864இல்தான். அதுவரை மாட்டுவண்டிப் பயணமும் நடைப்பயணமும்தான். பொழுது சாய்ந்தால் எங்கே தலை சாய்ப்பது, எங்கே உலை வைப்பது என்பதே வழிநெடுகக் கவலை.

அந்தச் சாலைகளைப் பற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் எழுதிய பயணக்குறிப்பை ஒரு கூட்டத்தில் படித்தோம். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டவர் அவர். சாலையோரச் சுமைதாங்கிகள் ஏறக்குறைய நாலடி உயரம் என்கிறார். தலைச்சுமைக்காரர் பிறர் கை உதவியில்லாமல் பாரத்தை இறக்கி, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இப்படிக் கல் நாட்டுவது நம் பக்கத்து வழக்கம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்துச் சொன்னபோது கூட்டமே நெகிழ்ந்துபோனது.

அப்புறம் வேன் எடுத்து ஒரத்தநாடு போய்வந்தோம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தன் காதலி முத்தம்பாள் பெயரால் 1802இல் எழுப்பிய சத்திரம் அங்கே இருக்கிறது. குதிரையும் யானையும் இழுக்கும் தேர்போலச் செதுக்கிய பகுதியைப் பிள்ளைகள் விட்டு நகரவே இல்லை. ஆனால் எங்களை உலுக்கியது கட்டடம் அல்ல, ஒரு கடிதம்.

1799 உடன்படிக்கையால் தஞ்சை நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. சத்திரங்களாவது தன் பொறுப்பில் இருக்கட்டும் என்று கேட்டு, 1801இல் ரெசிடென்டுக்கு, அதாவது தஞ்சையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கு, சரபோஜி எழுதினார். அங்கே என்னென்ன நடக்கிறது என்பதை அதில் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வருகிறவர்களுக்குச் சோறு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நடுநிசி வரை பந்தி. பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூவுவார்கள். கைக்குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியரும் பத்தியச் சாப்பாடும். பிரசவமானால் செலவு சத்திரத்தோடு, தாய் மூன்று மாதம் தங்கலாம். அநாதைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். வழிப்போக்கர் இறந்துபோனால் ஈமச்சடங்கும் உண்டு.

எண்ணெய்க் குளியலைக்கூட விடாமல் கணக்கில் வைத்திருக்கிறார்களே, அந்த அக்கறைக்கு ஈடு ஏது?

கூட்டத்தில் ஒரு மாற்றுக் கருத்தும் வந்தது. சாதி பார்த்துப் பந்தி போட்ட சத்திரங்களும், ஒரு சாதிக்கு மட்டும் கதவு திறந்த சத்திரங்களும் எத்தனையோ உண்டு, அதை மறைத்துப் பெருமை பேசக்கூடாது என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அந்தப் பழக்கத்தின் நிழல்கூட நம் சங்கத்தில் விழக்கூடாது என்பதில் செயற்குழு உறுதியாக இருக்கிறது.

நம் ஊரிலேயே மெஜஸ்டிக் ரயில் நிலையம் எதிரே தோட்டதப்பா சத்திரம் இருக்கிறது. குப்பி தோட்டதப்பா என்ற வணிகர் 1897இல் ரயில்வேயிடம் நிலம் வாங்கி எழுப்பியது, 1903இல் திறப்பு விழா கண்டது. வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்களுக்கும் அவர் விடுதி அமைத்தார். ரயில் வந்தபின் சத்திரம் எதற்கு என்று அவர் எண்ணவில்லை. ரயிலில் இறங்குகிறவர்கள் எங்கே போவார்கள் என்று எண்ணினார்.

இதையெல்லாம் படித்துக் கேட்டபின் சும்மா இருக்க மனம் வரவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கமிருந்து பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளியைக் கூட்டிவரும் குடும்பங்கள் லாட்ஜ் வாடகை கொடுத்து மாளாமல் தவிப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். நம் மாடி அறைகளிலோ பழைய நாற்காலியும் விழாப் பந்தல் சாமானும் அடைந்து கிடக்கின்றன. அவற்றைக் காலி செய்து, நோயாளிகளோடு வருபவர்கள் இலவசமாகத் தங்க விடலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பத்தியச் சாப்பாடு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு விதம் என்பதால் நாம் சமைத்துப் போடுவதைவிட, அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு வைத்துவிடுவது நல்லது. அடையாள அட்டை நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு இரண்டும் போதும். சாதி, மதம், மொழி எதையும் கேட்கக்கூடாது.

இரவு யார் சாவி வைத்துக்கொள்வது, எத்தனை நாள் வரை தங்கலாம் என்ற இரண்டும் இன்னும் முடிவாகவில்லை. பக்கத்துத் தெரு உறுப்பினர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள முன்வந்தால் பெரிய உதவி. தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்