வாக்குச்சீட்டை முன்கூட்டியே கண்ணில் காட்டுங்கள்: பாடாங் செராய் வாக்காளர்களின் கோரிக்கை மனு

பெறுநர்: மாநிலத் தேர்தல் இயக்குநர் அவர்கள், கெடா, மலேசியா

அனுப்புநர்: பாடாங் செராய் தோட்டப்புற வாக்காளர்கள்

பொருள்: தெளிவான வாக்குச்சீட்டும் தமிழ் விளக்கத்துடன் மாதிரிச் சீட்டும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே எங்களை வளர்த்தவர். தமிழ் படிப்பார், ரூமியை, அதாவது ஆங்கில எழுத்தில் எழுதும் மலாயை, எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஓட்டுப் போடக் கிளம்பும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரே கேள்வியைக் கேட்பார்: "புடிச்சவருக்கு எதுக்கும்மா பெருக்கல் போடணும்? வாத்தியாரு தப்புக்குத்தானே அப்படிப் போடுவாரு?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் ஒருநாள், பக்கத்து வீட்டுப் பெரியவர் தனக்கு வேண்டாதவர்களுக்கெல்லாம் பெருக்கல் போட்டு, வேண்டியவரின் கட்டத்தைச் சுத்தமாக விட்டுவிட்டு வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். ஒன்றுக்கு மேல் குறியிட்ட சீட்டு செல்லாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2022 பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒருவர் காலமானதால் எங்கள் தொகுதியில் மட்டும் வாக்களிப்பு டிசம்பர் 7-க்குத் தள்ளிப்போனது தங்களுக்குத் தெரியும். மறுபடி வேட்புமனு வாங்கி முடிந்த பிறகு, இன்னொரு வேட்பாளர் வழிவிடுவதாக அறிவிப்பு வந்தது. சட்டப்படி பெயர் சீட்டில் இருக்கத்தான் செய்யும், சரி. ஆனால் அம்மா வெளியே வந்ததும், "வெலகிட்டாருன்னு சொன்னாங்களே, பேரு இருக்கே, நான் பழைய சீட்டுல போட்டுட்டேனா?" என்று பதறினார். வீடு வரும்வரை அதே பேச்சு.

2021 டிசம்பர் 15 முதல் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. இதுவரை பதியாமலே இருந்த பெரியவர்களும் பட்டியலில் வந்துவிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டி முதல் சீட்டைக் கையில் வாங்குகிறவர்கள் எங்கள் வரிசை வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? கட்சிக்காரர்கள் கொண்டுவரும் மாதிரிச் சீட்டில் அவரவர் வேட்பாளருக்கு முன்பே குறி போட்டிருக்கும். அதைப் பாடமாக வைத்துக்கொள்வது நியாயமில்லை.

ஆகவே, வேட்பாளர் பெயர்கள் உறுதியானதும், அதே அளவில், அதே வரிசையில், குறி ஏதும் இல்லாத மாதிரிச் சீட்டை எங்கள் தமிழ்ப்பள்ளியிலும் கோயில் மண்டபத்திலும் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். பக்கத்தில் தமிழில் நாலு வரி போதும்: பெருக்கல் குறி என்றால் 'இவர் வேண்டும்' என்று பொருள், ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் போட வேண்டும், விலகுவதாக ஒருவர் அறிவித்தாலும் பெயர் சீட்டில் இருக்கும். எப்படிப்பட்ட குறி ஏற்கப்படும், எது செல்லாது என்பதைப் படமாகவே போட்டால் இன்னும் நல்லது.

சீட்டில் பெயரும் சின்னமும் பெரிதாக இருக்கட்டும். சின்னங்கள் மங்கலாக அச்சாகாமல், கட்டங்களுக்கு நடுவே கோடு தடித்து இருந்தால், கை நடுங்குகிறவரின் குறி அடுத்த கட்டத்துக்குள் ஓடாது. வயதானவர்களை முதல் சாலுரானில் (வாக்களிப்பு அறையில்) சேர்ப்பது வழக்கம்தானே, அங்கே மறைப்புக்குள் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டி வையுங்கள். கட்டித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் மத்தியானத்துக்குள் யார் பையிலாவது போய்விடும்.

ஒட்டுகிற வேலைக்கு ஆள் வேண்டுமானால் நாங்கள் வருகிறோம். விளக்கத்தின் தமிழை அச்சுக்கு முன் சரிபார்த்துத் தரவும் இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள். கையெழுத்துகளைத் தனித்தாளில் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பாடாங் செராய் தோட்டப்புற வாக்காளர்கள்